ராக்கி ஏன் கூப்பிட்டால் வருவதில்லை?

கேள்வி இதுதான். குன்னூர் பக்கம் எஸ்டேட்டை ஒட்டி வீடு. ராக்கி என்று 14 மாத ஆண் நாய், லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தது. கேட் திறந்தால் தேயிலைக்குள் பாய்ந்துவிடுகிறான். கூப்பிட்டால் நின்று திரும்பிப் பார்க்கிறான், அப்புறம் ஓடிவிடுகிறான். அப்பா குச்சியை எடுத்தால் மட்டும் அடங்குகிறான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமுகிறான். "அவன் என்னை மதிப்பதே இல்லை. மதிக்க வைப்பது எப்படி? நான்தான் தலைவி என்று காட்ட அவனுக்கு முன்னால் நான் சாப்பிட வேண்டும், அவனை மல்லாக்கப் போட்டு அமுக்க வேண்டும் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதை இரண்டு மூன்று தடவை படித்தேன். மதிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "போன வாரம் இரவு எட்டு மணி வரை வரவில்லை, டார்ச் அடித்துத் தேடினோம்." அந்த இரவில் உங்கள் மனசில் மதிப்பு இருந்திருக்காது, சிறுத்தைதான் இருந்திருக்கும். ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, கூப்பிட்டால் வரும் நாயாக இவனை ஆக்க முடியுமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும். மதிப்பைப் பற்றியும் சொல்கிறேன், அது இதற்குள்ளேயேதான் இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. ராணுவத்தில் நாய்ப் பிரிவில் இருந்தேன். மீரட்டில் பயிற்சி எடுத்து, வெடிபொருள் தேடும் லேப்ரடார்களோடு வேலை செய்தேன். ஓய்வு பெற்று கோத்தகிரிக்கு வந்து 12 வருடமாக வீட்டு நாய்களுக்குப் பழக்கம் கொடுக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, ராக்கியை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் உடனே செய்ய வேண்டும். பழக்கம் முடிகிற வரை ராக்கியைக் கயிறு இல்லாமல் கேட்டுக்கு வெளியே விடாதீர்கள். நம் மலையில் சிறுத்தை பகலில் தேயிலைப் புதருக்கு அடியில் படுத்துக் கிடக்கும், இருட்டினால் வீடுகள் பக்கம் வரும். அதற்கு நாய் சுலபமான இரை. வாசலில் கட்டியிருந்த நாயைச் சங்கிலியோடு பறிகொடுத்த வீடுகள் எங்கள் பக்கமே இருக்கின்றன. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவன் உள்ளே இருக்க வேண்டும், இரவு படுப்பதும் உள்ளேதான். காட்டெருமை இன்னொரு ஆபத்து. 800 கிலோவுக்கு மேல் வளர்கிற மிருகம் அது. நாய் குரைத்துத் துரத்தும், அது திரும்பி முறைத்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு நேராக உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே அதையும் கூட்டிக்கொண்டு. கயிறு கட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு தடவை தேயிலைக்குள் ஓடும்போதும் அவனுக்கு முயல் வாசனை, காட்டுக்கோழி, துரத்தல் எல்லாம் கிடைக்கிறது. அந்த ஓட்டமே அவனுக்குப் பரிசு. கூப்பிட்டும் வராமல் ஓடினால் நல்லது நடக்கிறது என்பதை அவன் தினமும் படித்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்து, "கேட்பதில்லை" என்கிற நாய்க்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். சிரிக்க வேண்டாம், முழு வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு நாயைத் திமிர் பிடித்தது என்று இரண்டு வருடம் அடித்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். ராக்கி திரும்பிப் பார்க்கிறான் என்பதால் அவனுக்குக் கேட்கிறது என்றே நினைக்கிறேன். ஆனாலும் லேப்ரடார் காது தொங்கும் காது, நம் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். காதைச் சொறிந்தாலோ, தலையை உதறினாலோ, நாற்றம் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பு மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் இதெல்லாமும் நாயைச் சிடுசிடுப்பாக ஆக்கும். வலியோடு இருக்கும் நாய்க்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

வயசும் ஒரு காரணம். நாய்க்கு ஆறு ஏழு மாதத்தில் விடலைப் பருவம் தொடங்குகிறது, ஒன்றரை இரண்டு வயதில்தான் தணிகிறது. 2020ல் இங்கிலாந்தில் வழிகாட்டி நாய்க் குட்டிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. எட்டு மாத வயதில் அந்தக் குட்டிகள் வளர்த்தவர் "உட்கார்" என்றால், ஐந்து மாதத்தில் கேட்ட அளவுகூடக் கேட்கவில்லை. அதே சொல்லை முன்பின் தெரியாத ஆள் சொன்னால் கேட்டன. வளர்த்தவரிடம் மட்டும் அந்த முரண்டு. "பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னால் உட்காருகிறான், நான் சொன்னால் மாட்டேன் என்கிறான்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. உங்களை அவன் கீழே வைத்துப் பார்க்கிறான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வீட்டில் 14 வயதுப் பையன் இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்போது அந்தத் தலைவர் விஷயம். நாய் ஓநாயிலிருந்து வந்தது, ஓநாய்க் கூட்டத்தில் பலசாலி மற்றவற்றை அடக்கித் தலைவனாகும், அதனால் நீங்களும் அடக்க வேண்டும் என்பது அந்த வாதம். இதன் வேர் 1947ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். அந்தக் கருத்தை 1970ல் தன் புத்தகத்தில் எழுதி உலகம் முழுக்கப் பரப்பியவர் டேவிட் மெக். அவரே பிற்பாடு கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகாலங்கள் இருந்து பார்த்துவிட்டு, 1999ல் ஒரு கட்டுரையில் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, அவற்றின் பிள்ளைகள். பெற்றோர் வழிநடத்துகின்றன, பிள்ளைகள் பின்னால் போகின்றன, அவ்வளவுதான். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்றுகூடப் பதிப்பகத்தாரிடம் கேட்டவர் அவர்.

நமக்கு ஓநாய்வரை போக வேண்டியதில்லை. முதுமலைப் பக்கம் செந்நாய்க் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பந்திப்பூரில் 1970களில் செந்நாய்களின் பின்னாலேயே திரிந்து ஆராய்ந்தவர் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஏ.ஜே.டி. ஜான்சிங். செந்நாய்க் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் குட்டி போடும், மற்றவை வேட்டைக்குப் போய்விட்டு வந்து தாய்க்கும் குட்டிகளுக்கும் கறியைக் கக்கிக் கொடுக்கும். குட்டிகள் கொஞ்சம் வளர்ந்து இரை விழுந்த இடத்துக்குக் கூடவே வந்தால், முதலில் தின்பது அந்தக் குட்டிகள்தான், பெரியவை தள்ளி நிற்கும். முதலில் தின்பவன்தான் தலைவன் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? நீங்கள் ராக்கிக்கு முன்னால் சாப்பிடுங்கள், பின்னால் சாப்பிடுங்கள், அவனுக்கு அதில் எந்தப் பாடமும் இல்லை. மல்லாக்கப் போட்டு அமுக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். எதிரி கையில் மாட்டிக்கொண்டதாகத்தான் நாய் அதைப் புரிந்துகொள்ளும். முகத்தில் கடி வாங்கியவர்களில் இதைச் செய்து வாங்கியவர்களை நான் அறிவேன்.

அப்பாவின் குச்சிக்கு வருகிறேன். "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் அப்படித்தான் தொடங்கினேன். சேவையில் எனக்குக் கிடைத்த முதல் நாய் ராணி, கறுப்பு லேப்ரடார். ஒருநாள் பயிற்சித் திடலில் தேடுவதை விட்டுவிட்டு ஒரு கோழி பின்னால் ஓடினாள். நான் கத்திக் கூப்பிட்டேன். அவள் கோழியை விட்டுவிட்டு வந்தாள், வந்தவளைப் பட்டையைப் பிடித்து வாரால் இரண்டு வைத்தேன். கோழியைத் துரத்தியதற்காக அடித்தேன் என்பது என் கணக்கு. அவளுடைய கணக்கு வேறு. கோழியைத் துரத்தினாள், ஒன்றும் ஆகவில்லை. கூப்பிட்டதும் வந்தாள், அடி விழுந்தது. மறுநாளிலிருந்து கூப்பிட்டால் வருவாள், பத்தடி தள்ளி நின்றுவிடுவாள். ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, காதைப் பின்னால் ஒட்டவைத்து, உதட்டை நக்கிக்கொண்டு நிற்பாள். வாலும் ஆடும், தாழ்ந்து, வேகமாக. பார்க்கிறவர்கள் பணிவு என்பார்கள். அந்தப் பத்தடியைத் திரும்ப வாங்க எனக்கு நாலு மாதம் ஆனது. இன்னும் அவளை நினைத்தால் எனக்கு அந்தத் தூக்கிய கால்தான் முதலில் கண்ணில் படுகிறது.

நாய் ஒரு செயலையும் அதன் விளைவையும் இணைத்துப் பார்க்க, இரண்டும் ஒன்றிரண்டு விநாடிக்குள் அடுத்தடுத்து நடக்க வேண்டும். இது உறுதியான விஷயம், பரிசுக்கும் தண்டனைக்கும் பொருந்தும். அரை மணி நேரம் ஊர் சுற்றிவிட்டு வந்த ராக்கியை அப்பா அடித்தால், அவன் மனசில் அடி ஒட்டிக்கொள்வது வீட்டுக்கு வந்ததோடுதான். "தப்பு செய்தது அவனுக்கே தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்று எல்லோரும் சொல்வார்கள். 2009ல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதையே சோதித்தார். சொந்தக்காரர் தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போவார். திரும்பி வந்ததும் நாய் தின்றுவிட்டது என்று சிலரிடம் பொய் சொன்னார்கள். அவர்கள் திட்டினார்கள். தின்னாத நாயும் அந்தக் குற்றவாளி முகத்தைக் காட்டியது, இன்னும் அதிகமாகவே காட்டியது. அந்த முகம் நம் கோபத்துக்கு நாய் சொல்லும் பதில். செய்த தப்பை அது ஒப்புக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, என்ன செய்வது? "ராக்கி வா" என்ற சொல்லை முதலில் ஓய்வுக்கு அனுப்புங்கள். அது கெட்டுப்போன சொல். அதைக் கேட்டால் கட்டிப் போடுவார்கள், குளிப்பாட்டுவார்கள், திட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் ஒருவர் "வாடா" என்கிறார், ஒருவர் "கம் ஹியர்" என்கிறார், பாட்டி பேரை மட்டும் பத்துத் தடவை சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். புதுச் சொல் ஒன்று வையுங்கள். நான் "ஓடியா" என்று வைப்பேன். நீட்டிக் கூப்பிட வசதியாக இருக்கும், சொல்லும்போதே குரலில் சந்தோஷம் தானாக வந்துவிடும், கோபமாகச் சொல்வதும் கஷ்டம். வீட்டில் எல்லோருக்கும் அதே சொல்தான்.

முதல் மூன்று நாள் அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடவே வேண்டாம். அவன் உங்கள் முன்னால் நிற்கும்போது "ஓடியா" என்று சொல்லி, உடனே ஒரு துண்டு ஈரல் வாயில் கொடுங்கள். ஒரு நாளைக்கு 15, 20 தடவை. பாவ்லோவின் நாய்க்கு நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது: சொல் கேட்டால் நாக்கில் ஈரல். நாலாவது நாள் அடுத்த அறையிலிருந்து சொல்லுங்கள். காது விறைத்து, நகம் தரையில் வழுக்க ஓடிவந்தால் சொல் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். வந்ததும் முதலில் கழுத்துப் பட்டையைத் தொடுங்கள், அப்புறம் ஈரலைக் கொடுங்கள், அப்புறம் "போ" என்று விட்டுவிடுங்கள். இந்த வரிசை முக்கியம். கிட்டே வந்து, கை பட்டையை நோக்கி வந்ததும் துள்ளி விலகுகிற நாய்களை எவ்வளவோ பார்த்துவிட்டேன், அவற்றுக்கு அந்தக் கை சிறை. பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை திரும்ப விளையாட விடுங்கள். பத்தாவது தடவை கட்டினால் அவனுக்கு அது பெரிய விஷயமாகப் படாது.

இரண்டாவது வாரம் வாசலுக்கு வாருங்கள். பத்து மீட்டர் பருத்திக் கயிறு வாங்குங்கள், நைலான் உள்ளங்கையை அறுத்துவிடும். அதைக் கழுத்தில் கட்டாமல், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் கட்டுங்கள், ஓடிப்போய்ச் சுண்டினால் கழுத்தில் அடிபடும். அவன் எதையாவது மோந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒரு தடவை "ஓடியா" என்று சொல்லிவிட்டு, திரும்பி எதிர்ப்பக்கம் நாலு அடி ஓடுங்கள். நாய்க்குத் துரத்துவது பிடிக்கும், உங்களைத் துரத்தட்டும். நீங்கள் அவனைத் துரத்தினால் அவனுக்கு அதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. வரவில்லையென்றால் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள், கயிற்றைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். நடந்து கிட்டே போங்கள், மூக்குக்கு முன்னால் ஈரலைக் காட்டிக் கூட்டி வாருங்கள், அடுத்த தடவை தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். அவன் தோற்றால் நாம் பாடத்தைப் பெரிதாக வைத்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு மூன்று தடவை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அரவேணு பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டில், சிப்பிப்பாறை கலப்பில் செவலை நிறத்தில் ஒரு பெட்டை. முயல் பார்த்தால் காற்றாய்ப் போய்விடுவாள். ஏழாவது வாரம் அது. விடிகாலை, பனிமூட்டம், கவாத்து வெட்டிய தேயிலைக்கு நடுவில் நடைபாதை. கயிறு தரையில் இழுபட, பாட்டி முன்னால், நான் பின்னால். திடீரென்று காலுக்கடியிலிருந்து காட்டுக்கோழி ஒன்று சடசடவென்று எழும்பியது. கயிறு என் செருப்பை உரசிக்கொண்டு பாம்பு மாதிரி ஓடியது. நான் மிதிக்கப் போனேன். அதற்குள் பாட்டி, சத்தமே போடாமல், சாதாரணமாகப் பேசுகிற குரலில் "ஓடியா" என்றார். அவள் நின்றாள். உடம்பு முழுக்கக் கோழி போன திசையில்தான் இருந்தது, ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியது. அப்புறம் தலை. அப்புறம் மொத்தமாகத் திரும்பி ஓடி வந்து பாட்டியின் புடவையில் முட்டி நின்றாள். பாட்டி டப்பாவில் இருந்த ஈரல் அத்தனையையும் தரையில் கொட்டிவிட்டார். நான் சொல்லிக் கொடுக்காத காரியம், ஆனால் சரியான காரியம். பெரிய தியாகத்துக்குப் பெரிய கூலிதான் கொடுக்க வேண்டும்.

கூலி என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்துப் பட்டாணி அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அவித்த முட்டையும் ஆகும். வீட்டுக்குள் சும்மா பழக்குவதற்கு நம் ஊர் கேரட்டே போதும். வர்க்கி கொடுக்காதீர்கள், மைதாவும் கொழுப்பும்தான் அது. ஊட்டி, குன்னூரில் எல்லா வீட்டிலும் இருக்கிற ஹோம்மேட் சாக்லேட் நாய்க்கு விஷம், அதில் இருக்கும் தியோபுரோமினை நாயின் உடம்பு சீக்கிரம் வெளியேற்றாது. சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. திராட்சை, கிஸ்மிஸ், வெங்காயம் இவையும் கூடாது. வாழ்நாள் முழுக்க ஈரலோடு திரிய வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பழக்கம் ஊறின பிறகு நாலு தடவைக்கு ஒரு தடவை, அப்புறம் எப்போதாவது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைக்கிற பரிசு பழக்கத்தைக் கெட்டியாக நிறுத்தும். ஆனால் "ஷாபாஷ்" என்று ஒரு வார்த்தை ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள், நான் மீரட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கம் அது.

தட்டுப் பக்கம் உறுமுவதை நான் ஒழுங்கீனமாகப் பார்க்கவில்லை. கிட்டே வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவன் வாய்விட்டுச் சொல்கிறான். உறுமினதற்கு அடித்தால் உறுமலை நிறுத்திவிடுவான், பயம் அப்படியே இருக்கும், அடுத்த தடவை சொல்லாமல் கடிப்பான். சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கி "பழக்கும்" வேலையை இன்றோடு விடுங்கள். அதற்குப் பதிலாக, அவன் உறுமாத தூரம் எதுவோ அங்கிருந்து, ஆறடியோ எட்டடியோ, போகிற போக்கில் தட்டுப் பக்கம் ஒரு துண்டு ஈரலை வீசிவிட்டு நிற்காமல் போங்கள். நீங்கள் வந்தால் தட்டில் கூடுகிறது, குறைவதில்லை என்று அவனுக்குப் புரிய வேண்டும். உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கி எதிர்பார்ப்போடு பார்க்கத் தொடங்கினால் ஒரு அடி கிட்டே போங்கள். வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அவன் சாப்பிடும்போது கதவைச் சாத்திவிடுங்கள், இதில் சமரசமே வேண்டாம்.

மதிப்பைப் பற்றியும் சொல்கிறேன் என்றேன் அல்லவா, அது இரண்டு பக்கமும் வேண்டும். இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பகல் முழுக்க ராக்கி சங்கிலியில் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். 14 மாத லேப்ரடார் கலப்பு நாயைப் பத்து மணி நேரம் நாலடிச் சங்கிலியில் வைத்துவிட்டு, கேட் திறந்தால் ஓடாதே என்றால் எப்படி? 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமே, எப்போதும் கட்டிப் போட்டு வைக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காமல் விடுவதைக் குற்றம் என்கிறது. காலையில் 40 நிமிடம், மாலையில் இருட்டுவதற்கு முன் 40 நிமிடம் கயிற்றோடு நடத்துங்கள். அதில் பாதி நேரம் அவன் மூக்குப் போகிற வழியில் நீங்கள் போங்கள். நமக்குப் பேப்பர் படிப்பது மாதிரி அவனுக்கு மோப்பம், அவசரப்படுத்தி இழுத்தால் பாதிப் பக்கத்தில் பிடுங்கியதாகத்தான் அர்த்தம். வாசனையில் மூழ்கி அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்த நாய் வெறுமனே ஓடிவிட்டு வந்த நாயைவிட நன்றாகத் தூங்குவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். நடந்து வந்ததும் விரல் இடுக்கில் அட்டையும் உண்ணியும் பாருங்கள். பாதத்தைத் தொட விடுகிற நாய் உங்களை நம்புகிற நாய்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி சொல்வதில் உண்டு. கருத்தடை செய்தால் சொல் கேட்பானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண் நாய் பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவதை அது பெரும்பாலும் குறைக்கும். கூப்பிட்டால் வருவதைக் கற்றுக் கொடுக்காது. பயந்த சுபாவம் உள்ள நாய்க்குச் செய்தால் பயம் கூடலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில அப்படிச் சொல்லவில்லை, ஆய்வாளர்களிடையே இன்னும் முடிவாகவில்லை. ராக்கியின் உறுமலில் பயம் இருப்பதாக எனக்குப் படுவதால், உங்கள் மருத்துவரிடம் அந்த உறுமலைப் பற்றியும் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். நாட்டு நாய் ரத்தம் கலந்ததால்தான் அடங்கவில்லை என்று அப்பா நினைக்கிறார். 2022ல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், நாய்க்கு நாய் நடத்தை மாறுவதில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்துச் சொல்ல முடிந்தது. சிப்பிப்பாறைக்குத் துரத்தும் ஆசை அதிகம் என்பது என் அனுபவம், அதை நான் விடமாட்டேன். ஆனால் உங்கள் கையில் இருக்கும் நாயை அதன் இனப் பெயரை வைத்து எடை போட முடியாது.

எவ்வளவு நாளாகும் என்பதும் ஊகம்தான். ராக்கி மாதிரி நாய்களில் நான் பார்த்தது, வாசலுக்குள் வருவதற்கு மூன்று வாரம், தேயிலை ஓரத்தில் கயிற்றோடு வருவதற்கு இரண்டு மூன்று மாதம். காட்டெருமை எதிரில் நின்றால்கூடத் திரும்பி வரும் நாய் வேண்டுமென்றால் அதற்கு நான் உறுதி தர மாட்டேன், அந்தப் பாதையில் கயிறு எப்போதும் இருக்கட்டும். எழுத்தில் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. பல் பட்டிருந்தால், ரத்தம் வந்திருந்தால், என்னையோ வீடியோவையோ நம்பாமல் நேரில் பார்க்கும் ஆளைக் கூப்பிடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி வருடா வருடம் போட்டிருக்க வேண்டும். 1907லிருந்து பாஸ்டர் நிறுவனம் இருக்கிற குன்னூரில் இதை நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: எந்த நாய்க்கடியானாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்பாவை என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அவரோடு வாதம் செய்ய வேண்டாம். நாளைக் காலை ஈரல் டப்பாவை முதலில் அவர் கையில் கொடுங்கள். திண்ணையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து அவர் பாட்டுக்கு டீ குடிக்கட்டும். கூப்பிட வேண்டாம், ராக்கியைப் பார்க்கவும் வேண்டாம். கையைத் தொங்கவிட்டுத் தன் கால் பக்கம் ஒவ்வொரு துண்டாகப் போடட்டும். முதல் நாள் அவன் பத்தடி தள்ளித்தான் நிற்பான். கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்காலை ஓடத் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு துண்டை எடுத்ததும் பின்வாங்குவான். தினமும் அதே நேரம், அதே நாற்காலி. அவன் எத்தனை நாளில் அவர் செருப்புக்குப் பக்கத்தில் வந்து படுக்கிறான் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.